கண்ணாடியில் ஆள் தெரிகிறார்

செயலாளர் முக்காலிமேல் ஏறி நின்று கூடத்துச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மாட்டுவதற்குப் படம் இல்லை. அதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"முதல்ல அடிப்படை வசதி ரெடியா இருக்கணும். படம் தானா வரும்" என்றார், உதட்டில் இன்னொரு ஆணியைக் கவ்வியபடி.

அவர் இந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. தான் வசிக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகச் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவியைச் சீந்தாததால் போட்டியின்றித் தேர்வானவர். ஆனாலும் பதவி அவருடைய நடையிலும் குரலிலும் ஊறிப்போய்விட்டது. மாமனார் இறந்த செய்தியையே "அனைவரின் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கித்தான் உறவுக்காரர்களுக்கு அனுப்பியிருந்தார்.

மருத்துவமனையிலிருந்து அப்பாவின் உடலை நாலு மணிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். மணி இப்போது மூன்றேகால். வாடகை நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாதவர்கள் பேசுகிற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாப்பது வருஷம் ஊரையெல்லாம் போட்டோ பிடிச்ச மனுஷன். அவருக்குன்னு ஒரு போட்டோ இல்லையாமே!"

உண்மைதான். பெரியவளின் கல்யாண ஆல்பத்தில் நானூறு படங்கள். பெண்ணின் அப்பா ஒன்றில்கூட இல்லை. ஒரே ஒரு படத்தின் அடியில், புடவைகளுக்கு நடுவே, கேமராவைத் தூக்கிப் பிடித்த ஒருவரின் நிழல் விழுந்திருக்கிறது. அடையாள அட்டைப் படம் ஒன்று உண்டு. அதில் அப்பா, செய்யாத திருட்டை இரண்டாம் அடியிலேயே ஒப்புக்கொண்டவரைப் போல இருப்பார். அதைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று செயலாளர் சொன்னபோது பெரியவள், "அதுக்கு உங்க படத்தையே மாட்டிடுங்க" என்று அழுகைக்கு நடுவே சொல்லிவிட்டாள்.

கூடத்தை ஒட்டிய அறையில், மூடிய மடிக்கணினியை மடியில் வைத்தபடி சின்னவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் அப்பாவின் படங்கள் நாற்பத்திரண்டு இருந்தன. கொடுத்தால் படப் பிரச்சினை ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதே நிமிடத்தில் பதினாலு யார் என்பதும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

காலையிலிருந்து அம்மா சபித்துக்கொண்டிருப்பது அந்தப் பதினாலைத்தான்.

அம்மாவின் கையில் அப்பாவின் கைபேசி. வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் அதைக் காட்டினாள். கடைசியாக வந்த செய்தி திரையிலேயே நின்றது: 'கண்ணாடியில் ஆள் தெரிகிறார். மீண்டும் எடுக்கவும். விவரிப்பாளர் 14.'

"பாருங்க. நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வேலையை முடிச்சிட்டு இறங்கிப் போய் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கார். இதைப் பாத்துட்டு மறுபடி ஏறியிருக்கார். அங்க கூட்டிப் பெருக்கற அம்மாதான் சொன்னாங்க, அய்யா திரும்பி வந்தப்பவே முகம் வெளுத்திருந்துச்சுன்னு. எந்தக் கொள்ளையில போறவ இவ? ஒரு கண்ணாடியில ஆள் தெரிஞ்சா என்ன குடிமுழுகிப் போயிடும்?"

கேட்டவர்கள் எல்லாரும் "அதானே" என்றார்கள். சின்னவளும் ஒருமுறை சொன்னாள். தேநீர்த் தட்டோடு அந்தப் பக்கம் போனபோது அம்மா அவள் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். வேறு வழி இருக்கவில்லை.

விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற வீடுகளின் படங்களை இணையத்தில் போடும் நிறுவனம் அது. பார்வை இல்லாதவர்களும் வீடு எடுத்துத் தங்குவார்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்ததும் ஒரு குழு அமைத்து, அதற்கு 'அனைவருக்குமான ஆனந்த அனுபவப் பிரிவு' என்று நாக்கு சுளுக்கும்படி ஒரு பெயரையும் சூட்டியது. அந்தப் பிரிவில் இருபது பேர். ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்பதை எழுத வேண்டும். கைபேசி அதை வாய்விட்டுப் படிக்கும். பார்வை இல்லாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

வீட்டுக்காரர்கள் அனுப்புகிற வர்ணனைகளைப் பார்த்தால் அவர்களுக்கே தங்கள் வீட்டில் குடியிருக்க வாய்க்கவில்லையே என்று ஏக்கம் வரும். 'கடல் தெரியும் கனவு அறை.' கட்டில்மேல் நாற்காலி போட்டு, அதன்மேல் ஏறிக் கழுத்தை நீட்டினால் கடல் தெரியும். சின்னவளின் வேலை கனவைக் களைவது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எத்தனை படி, கைப்பிடி உண்டா, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம். பார்த்ததை மட்டும் எழுது, ஊகித்ததை எழுதாதே. அதோடு ஒரு விசித்திர விதியும் உண்டு. படம் தேறுகிறதோ இல்லையோ, முதலில் விவரணை எழுத வேண்டும். அதன் பிறகுதான் ஏற்பதும் திருப்புவதும். தேறாத படத்தின் விவரணை யாருக்கு என்று ஒரு கூட்டத்தில் கேட்டதற்கு, "நல்ல கேள்வி" என்று பதில் வந்தது.

அந்த வீடுகளைப் படமெடுக்கும் ஆட்களில் அப்பாவும் ஒருவர். இந்த வேலை காலியாக இருப்பதைச் சொன்னவரும் அவர்தான். உறவினர் எடுத்த படத்தை உறவினர் சரிபார்க்கக் கூடாது என்பதும் விதி. ஆனால் படம் எடுத்தவர் யார் என்று விவரிப்பவருக்குத் தெரியாது. படம் எடுத்தவருக்கு விவரிப்பவர் வெறும் எண். இரண்டாம் வாரமே ஒரு கெட்டிலின் வயிற்றில் அப்பாவின் மூக்கைப் பார்த்தாள் சின்னவள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'கெட்டிலில் ஆள் தெரிகிறார்' என்று திருப்பி அனுப்பினாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா அம்மாவிடம் புலம்பினார்: "உன் பொண்ணு ஆபீஸ்ல பதினாலுன்னு ஒரு பிசாசு இருக்கு. கெட்டில்ல என் மூக்கைப் புடிச்சிட்டா."

"உங்க மூக்கு அவ்வளவு பெருசு" என்றாள் அம்மா.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சின்னவளுக்குப் புரையேறியது. உண்மையை மேலிடத்தில் சொன்னால் அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நாளுக்கொரு வேடிக்கை. விட்டுவிட்டாள். மூன்று வருடம்.

வாசலில் தடி தட்டும் சத்தம். டெஸ்டர் அக்கா வந்துவிட்டார். இருபது பேர் எழுதுகிற விவரணைகளைக் கேட்டுப் பார்த்துப் பிழை சொல்கிறவர் அவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. செயலாளர் முக்காலியிலிருந்து இறங்கி, அக்காவைத் தாண்டி, அவரை அழைத்து வந்த வாடகைக் கார் ஓட்டுநரிடம் உரத்த குரலில் கேட்டார்: "அவங்களுக்கு உக்கார நாற்காலி போடவா?"

"அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும் சார்" என்றார் டெஸ்டர் அக்கா. "நாற்காலி வேணாம். பொண்ணு எந்த ரூம்ல இருக்கா?"

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சின்னவளின் கையைத் தேடிப் பிடித்தார். கூடத்தில் அம்மாவின் குரல் இன்னொருவரிடம் முதலிலிருந்து தொடங்கியிருந்தது: "நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது..."

"அம்மாவுக்குத் தெரியாதா?" என்று அக்கா மெல்லக் கேட்டார்.

"தெரியாது."

"நேத்து நான் உன்னைக் கேட்டேன்."

"கேட்டீங்க."

"கண்ணாடியில தெரிஞ்ச அந்த ஆள் ஏன் தொட்டியைப் புடிச்சிட்டிருக்கார்னு கேட்டேன். நீ எழுதினதைக் கேக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

சின்னவளுக்கு அந்தப் பதில் ஓர் எழுத்து மாறாமல் நினைவிருந்தது. 'சும்மா போஸ் குடுக்கறார் அக்கா.' பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள்.

"அவர் அப்படித்தான் அக்கா பண்ணுவார். போன வருஷத்துல இருந்தே. டிவியில தலையைச் சாய்ச்சிட்டு, ஜன்னல் கண்ணாடியில சல்யூட் அடிச்சிட்டு. நேத்தும் ஏதோ சேட்டைன்னு..."

"நாப்பது வருஷம் தொழில்ல இருந்தவர். கண்ணாடி இருக்கிற ரூம்ல எங்க நிக்கணும்னு அவருக்குத் தெரியாதா? உனக்காகத்தான் நின்னிருக்கார்."

அது சின்னவளுக்கும் தெரியும். வயதாகிறது, கை தடுமாறுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவர் தலை வாரிக்கொண்டு கண்ணாடிகளுக்குள் வரத் தொடங்கினார். உனக்குத் தெரியுமா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டால் ஆட்டம் முடிந்துவிடும்.

கதவு தட்டப்படாமல் திறந்தது. செயலாளர். கையில் ஒரு தாள். பின்னாலேயே அம்மா.

"இங்க உக்காருங்க அத்தை. வெளியே சத்தமா இருக்கு. இது முக்கியமான ஆவணம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "'பெறுநர், மேலாண்மை இயக்குநர் அவர்கள். பொருள், விவரிப்பாளர் எண் பதினான்கின் மனிதாபிமானமற்ற போக்கு தொடர்பாக. ஐயா, மேற்படி நபர் அறுபத்தொன்பது வயது நிரம்பிய எனது கணவரை, ஒரு கண்ணாடியை முன்னிட்டு...'"

"நேத்து ராத்திரியே எழுதிட்டீங்களா அத்தான்?" என்றாள் சின்னவள்.

"மூணு வரைவு ஆச்சு. கேளு. 'மேற்படி நபரின் பெயர், முகவரி ஆகியவற்றை ஏழு வேலை நாட்களுக்குள் வெளியிடுமாறும், தவறினால்...'"

"பேரு தெரிஞ்சா போதும் எனக்கு" என்றாள் அம்மா. "ஒண்ணும் செய்ய மாட்டேன். நேர்ல பாக்கணும். எப்படிப்பட்ட முகம்னு பாக்கணும். பேனா குடுங்க மாப்பிள்ளை."

செயலாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிப் பின்னால் செருகிக் கொடுத்தார். டெஸ்டர் அக்கா சின்னவளின் கையை விட்டார்.

"அம்மா, கையெழுத்துப் போடாத."

"ஏன்?"

"பதினாலு நான்தான்."

கூடத்தில் யாரோ தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று சொல்வது கேட்டது. அம்மா பேனாவை இறக்கவில்லை. முதலில் புரிந்துகொண்டவர் செயலாளர்தான். ஆனால் அவர் புரிந்துகொண்டது அவருடைய வழியில்.

"அப்படின்னா," என்று தாளைப் பார்த்தார், "இதை யாருக்கு அனுப்பறது?"

"நீங்க கொஞ்சம் வெளியே போங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா.

செயலாளரை ஒரு கூட்டத்திலிருந்து யாரும் வெளியேற்றியதில்லை. ஏதோ விதியை மேற்கோள் காட்டப்போகிறவரைப் போல வாயைத் திறந்தார். டெஸ்டர் அக்கா எழுந்து, "வாங்க சார், எனக்கு வழி காட்டுங்க" என்று அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டார். அந்த வீட்டில் அன்று வழி தெரியாமல் நின்றவர் செயலாளர் ஒருவர்தான். அக்கா அவரைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய்விட்டு, வாசற்படியில் தடியைக் குறுக்கே ஊன்றி அங்கேயே நின்றுகொண்டார்.

அம்மா பேனாவுக்கு மூடியைப் போட்டாள். அது சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன்."

"தெரியும்" என்றாள் அம்மா. "மத்தவங்க திருப்பி அனுப்பினா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு போனைக் கவுத்து வெச்சிடுவார். மேனேஜரே சொன்னாலும் அசைய மாட்டார். பதினாலு சொன்னா மட்டும் செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டாம ஓடுவார். என்னங்க, அந்தப் பிசாசுகிட்ட அவ்வளவு பயமான்னு கேப்பேன். சிரிப்பார்." மூடி பொருந்திவிட்டது. "ஏன் ஓடினார்னு இப்பத்தான் தெரியுது."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் சின்னவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"அவர் மறுபடி எடுத்த படம் வந்துச்சா?"

"வந்துச்சு. பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு. அதுல ஒண்ணும் தப்பில்ல."

"யாரும் தெரியலையா?"

"யாரும் இல்ல. ஏத்துக்கிட்டேன்."

அம்மா தலையை ஆட்டினாள். நேற்று இரண்டு மணிக்குக் கூட்டிப் பெருக்கும் பெண் கதவைத் திறந்தபோது அப்பா அந்தக் குளியலறை வாசலில், கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தார். லென்ஸில் கீறல் இல்லை என்று மருத்துவமனையில் கேமராவை ஒப்படைத்தவர் பெருமையாகச் சொன்னார்.

சின்னவள் மடிக்கணினியைத் திறந்தாள். 'நிராகரிக்கப்பட்டவை' என்ற அடைவை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"இதுலதான் அப்பா இருக்கார். எல்லாம் நான் திருப்பி அனுப்பினது."

அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். கெட்டிலில் ஒரு மூக்கு. அணைந்திருக்கும் டிவியில் தலை சாய்த்து ஓர் உருவம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் பாதி முகம். கரண்டியின் குழிவில் தலைகீழாக. ஜன்னல் கண்ணாடியில் ராணுவ வீரனைப் போல சல்யூட். அலமாரிக் கண்ணாடியில், வாரிய தலையும் தேய்த்த சட்டையுமாக, கேமராவை மார்புக்கு இறக்கி நேராகப் பார்த்துக்கொண்டு.

"இதுல வயித்தை உள்ளே இழுத்திருக்கார்" என்றாள் அம்மா.

"ஆமா."

"என்கூட ஸ்டூடியோவுக்கு ஒரு தடவை வாங்கன்னு எத்தனை வருஷம் கெஞ்சினேன். முகம் கோணலா விழும்னு சொல்லுவார்." விரலால் திரையைத் தொட்டாள். "இதை மாப்பிள்ளைக்கு அனுப்பு. ஆணி அடிச்சிட்டு நிக்கறார் பாவம்."

அனுப்பினாள். அரை நிமிடத்தில் கதவுக்கு வெளியே செயலாளரின் குரல் கேட்டது. படம் பிரமாதம், ஆனால் ஓரத்தில் தெரியும் கட்டிலை வெட்ட வேண்டியிருக்கும், அதற்குக் குடும்பத்தின் ஒப்புதல் உண்டா என்றார். "உண்டு சார்" என்று டெஸ்டர் அக்காவே கொடுத்துவிட்டார்.

அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று. விரல் நின்றது.

"அடுத்தது நேத்தையதா?"

"ஆமாம்மா."

"நான் பாக்க மாட்டேன்."

"வேணாம். மூடிடறேன்."

"மூடாத. நீதான் எழுதுவியே. அதைப் படி."

சின்னவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். ஆயிரக்கணக்கான விவரணைகள் எழுதியிருக்கிறாள். ஒன்றைக்கூட வாய்விட்டுப் படித்ததில்லை. அதற்கு இயந்திரம் இருந்தது. இயந்திரத்தைப் போலவே ஏற்ற இறக்கம் இல்லாமல் தொடங்கினாள்.

"'சிறிய குளியலறை. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. நுழைந்ததும் ஒரு படி கீழே. கைப்பிடி இல்லை. சுவர் முழுக்க வெள்ளை ஓடு. இடப்பக்கம் கழுவுதொட்டி. அதற்கு மேல் அகலமான கண்ணாடி. கண்ணாடியில் நீல முழுக்கைச் சட்டை அணிந்த முதியவர் ஒருவர்...'"

"நீலம் இல்ல" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"சட்டை நீலம் இல்ல. சாம்பல் கலர். நேத்துக் காலையில நான்தான் எடுத்துக் குடுத்தேன். நீலச் சட்டை துவைக்கப் போட்டிருக்கு."

சின்னவள் படத்தை நெருங்கிப் பார்த்தாள். ஓட்டின் வெள்ளையும் குழல் விளக்கும் சேர்ந்து சாம்பலை நீலமாக்கியிருந்தன. சட்டையின் கைப்பட்டி மட்டும், விளக்கு படாத இடத்தில், சாம்பலாகவே இருந்தது.

"ஆமா" என்றாள்.

"அப்புறம்?"

"'முதியவர் ஒருவர் தெரிகிறார். வலது கையில் கேமரா. இடது கை தொட்டியின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. வாய் சற்றுத் திறந்திருக்கிறது. பார்வை கேமராவில் இல்லை, கீழே இருக்கிறது.'" நிறுத்தினாள். "அவ்வளவுதான்."

"இவ்வளவும் பாத்து எழுதியிருக்க."

"ஆமாம்மா."

வெளியே கனமான வண்டி ஒன்று பின்னோக்கி வரும் கூவல் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. பெரியவளின் அழுகை ஒரேயடியாக உயர்ந்தது. செயலாளர், எல்லாரும் இரண்டு வரிசையாக ஒதுங்கி நிற்குமாறு கேட்டுக்கொண்டார்.

"அம்மா, வந்துட்டாங்க."

"தெரியுது. அந்தச் சட்டையை மாத்து."

சின்னவள் விவரணையைத் திறந்து, 'நீல' என்பதை அழித்தாள். 'சாம்பல் நிற' என்று அடித்தாள். சேமிக்கலாமா என்று கணினி கேட்டது. சேமித்தாள்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"முதல்ல இருந்து படி."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடினாள். சின்னவள் படிக்கத் தொடங்கினாள். சிறிய குளியலறை. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. நுழைந்ததும் ஒரு படி கீழே.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த அம்மாவின் வலது கால் தரையிலிருந்து லேசாக எழும்பி, சற்று முன்னால் போய், அங்கே இல்லாத அந்தப் படியைத் தேடிக் கீழே இறங்கியது.